டிஸ்கோ இசை கிள்ளானுக்கு வந்த வழி



தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடந்து சென்றவர்களுக்கு ஒன்று தெரியும். துணிக்கடை, பூக்கடை, பலகாரக்கடை எதுவாயினும் வாசலில் ஓர் ஒலிபெருக்கி நிற்கும். ஒரு கடையின் பாட்டு அடுத்த கடையின் பாட்டோடு மோதும். சொற்கள் ஒன்றும் விளங்கா. ஆயினும் அடியில் ஒலிக்கும் முரசு மட்டும் எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். தும், தும், தும், தும் என்று நெஞ்சுக்குள் விழும் அந்தத் தட்டு பிரிக்பீல்ட்ஸிலும் கேட்கும், தோட்டத்துத் திருமண மண்டபத்திலும் கேட்கும். அஃது எங்கே பிறந்தது, யார் யார் கைவழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

இதைப் பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணக்குப் பாடத்தின்போது மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு முறை சொல்லிப் பார்த்தோம், நிறுத்தவில்லை. "இது பள்ளிக்கூடமா, டிஸ்கோ கொட்டகையா?" என்று கடிந்து, அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். அத்துடன் விட்டிருக்கலாம். "அப்பனைப் போல நீயும் கொட்டடிக்கத்தான் போகிறாயா?" என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டோம். அவன் தந்தையார் தோட்டத்துக் கோயிலில் உறுமி வாசிப்பவர். பையன் அழவில்லை. சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "டிஸ்கோ என்றால் என்ன சார்?" என்று கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் இசைக்கல்வியும் படித்தவர்கள் நாம். என்றாலும் நாம் இகழ்ந்த பொருள் இன்னதென்று நமக்கே தெரியவில்லை.

டிஸ்கோ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் டிஸ்கோதெக் என்பது இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடத்தைக் குறிக்கும். நூலுக்கு நூலகம் போல, தட்டுக்குத் தட்டகம் எனலாம். பின்னர், வாத்தியக் குழுவினர் இல்லாமல் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடும் கூடங்களுக்கு அப்பெயர் ஆயிற்று. 1970ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டேவிட் மான்குசோ என்பவர் தாம் குடியிருந்த மாடியிலேயே இத்தகைய விருந்துகளை நடத்தத் தொடங்கினார். அங்கு வந்து ஆடியவர்களில் கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள், சமூகம் ஒதுக்கி வைத்த தன்பாலீர்ப்பு உடையோர் ஆகியோரே மிகுதி. மற்ற கூடங்களில் இவர்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அந்த முரசுக்கு வருவோம். மேசை மீது கையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே அளவில் தட்டிப் பாருங்கள். பழைய மேல்நாட்டுப் பாட்டுகளில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் விழும். இரண்டிலும் நான்கிலும் சிறு முரசு பதில் சொல்லும். டிஸ்கோவில் பெரிய முரசு நான்கிலும் விழுகிறது. ஒவ்வோர் இரண்டு தட்டுக்கும் நடுவில் இணைத்தாளம் ஒன்று திறந்து 'ட்ஸீ' என்று ஒலித்து மூடுகிறது. இவ்வளவுதான் அடிப்படை. பிலடெல்பியா நகரத்து முரசுக் கலைஞர் எர்ல் யங் 1973இல் ஒரு பாட்டுக்கு இவ்வாறு வாசித்ததையே இந்த முறைக்குத் தொடக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். அப்பாட்டைத் தயாரித்தவர்கள் கென்னத் கேம்பிள், லியோன் ஹஃப் என்ற கறுப்பினத்தவர் இருவர். முரசு ஒருபுறம் ஓட, அதன்மேல் வயலின் கூட்டமும் ஊதுகருவிகளும் பட்டுச் சேலை விரித்தாற்போல் படரும். அதுவே அவர்களுடைய பாணி.

தயாரிப்பாளர் என்று சொல்லும்போது நம் மக்களுக்கு ஒரு மயக்கம் வரலாம். திரைப்படத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இசைத்தட்டு உலகில் அப்படியன்று. பாடுபவர் ஒருவர், வாசிப்பவர் பலர், பதிவுப் பொறியை இயக்குபவர் ஒருவர். இத்தனை பேருடைய வேலையையும் ஒன்றாக்கி, எது மேலே கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும், பாட்டு எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று முடிவு செய்பவரே இசைத் தயாரிப்பாளர். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலை வெட்டிச் சேர்த்து வருபவர்கள் பலர். அத்தனை வாளிப் பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அமிலம் என்று அளந்து கலந்து, ஒரே தரத்தில் தாளாக எடுப்பவர் ஒருவர். தாளில் அவர் பெயர் இருப்பதில்லை.

அத்தகையோருள் ஒருவர் டாம் மோல்டன். பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிந்துபோவதால் ஆடுகிறவர்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் நின்றுவிட வேண்டியிருக்கிறதே என்று கவலைப்பட்டவர் இவர். பதிவு நாடாவை வெட்டி ஒட்டி, முரசுப் பகுதியைத் தனியே நீட்டி, ஆறேழு நிமிடப் பாட்டுகளாக ஆக்கினார். ஒருநாள் மாதிரித்தட்டு வெட்டச் சென்ற இடத்தில் 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துவிட்டது. பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தார்கள். சிறிய பாட்டு பெரிய தட்டின் ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது பார்க்க வேடிக்கையாக இருந்ததாம். பள்ளங்களைத் தட்டு முழுவதும் பரவலாக வெட்டச் சொன்னார். பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளி கூடவே ஒலி உரத்தது. அடிமுரசு ஆழ்ந்து ஒலித்தது. தட்டுத் தீர்ந்துபோன அந்தத் தற்செயலிலிருந்தே 12 அங்குல நடனத்தட்டு பிறந்தது. 1976இல் அது விற்பனைக்கும் வந்தது. இன்று நம் இளைஞர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ரீமிக்ஸ்' என்ற வேலைக்கு வழிவகுத்தவர்களுள் மோல்டன் முக்கியமானவர்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேறொரு போக்கு நடந்தது. இத்தாலிய மலைப்பகுதியில் 1940இல் பிறந்த ஜோர்ஜியோ மொரோடர் அங்கே பதிவு நிலையம் வைத்திருந்தார். இவரும் பீட் பெலோட் என்பவரும் சேர்ந்து, அமெரிக்கப் பாடகி டோன்னா சம்மரைக் கொண்டு 1975இல் ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும் ஒரு பாட்டை வெளியிட்டனர். தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டு! இரண்டாண்டு கழித்து, 1977இல், வாத்தியக்காரர்களையே பெரும்பாலும் விலக்கிவிட்டு, மின்னிசைப் பொறியைக்கொண்டே மற்றொரு பாட்டைச் செய்தார். பொறி தட்டும் தட்டில் கை சோர்வதில்லை, தாளம் இம்மியும் பிசகுவதில்லை. கேட்பதற்கு அது மிஷின் சத்தம் போல இருக்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அது முழு உண்மை, மிஷின்தான். ஆனால் அந்த மிஷினுக்கு மேலே ஒரு மனிதக் குரல் மிதந்து செல்வதில் ஓர் அழகு உண்டு என்பது நம் எண்ணம்.

தயாரிப்பாளரின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு போனி எம் குழுவே சான்று. 1970களின் பிற்பகுதியில் மலாயாத் தமிழர் வீட்டுத் திருமணங்களில்கூட அவர்களுடைய பாட்டுகள் ஒலித்ததாக மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேடையில் துள்ளித் துள்ளி ஆடிய அந்த ஆண் கலைஞர் பாபி ஃபாரல், தட்டில் பாடியவர் அல்லர். ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையதே! வாயசைத்தவருக்குப் புகழ், பாடியவருக்கு இருட்டு. நம் திரைப்படங்களில் பின்னணி பாடும் முறைக்குப் பழகிய நமக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. மேல்நாட்டார்தாம் மிகவும் வியந்தார்கள்.

இப்போது நமக்கு நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த குடகர் ஒருவர், கிட்டார் வாசிப்பவர், 1960களில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பெயர் பிட்டு அப்பையா. நாம் காலையில் பசியாறும் பிட்டு அன்று, பெயரே அப்படி. லண்டனில் 1974ஆம் ஆண்டு, கார்ல் டக்ளஸ் என்ற ஜமைக்காப் பாடகரைக்கொண்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். தட்டுக்கு இரண்டு பக்கம் அல்லவா? பின்பக்கத்துக்கும் ஏதாவது ஒரு பாட்டு வேண்டும். பதிவுக்கூடத்துக்குப் பணம் கட்டிய நேரத்தில் மீதம் இருந்தது சுமார் 10 நிமிடம். அந்தக் காலத்தில் சீனச் சண்டைப் படங்கள் எங்கும் ஓடிக்கொண்டிருந்தன. பாடகர் எழுதி வைத்திருந்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' என்ற விளையாட்டுப் பாட்டை அந்த நேரத்துக்குள் அவசரமாகப் பதிந்து முடித்தார்கள். இசைத்தட்டு நிறுவனத்தார் இரண்டையும் கேட்டுவிட்டு, பின்பக்கத்துப் பாட்டையே முன்பக்கத்தில் போட்டனர். அவ்வாண்டிலேயே அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. உலகெங்கும் பல லட்சம் தட்டுகள் விற்றன. வெள்ளைக்காரர் நாட்டில், ஓர் இந்தியர் தயாரிக்க, ஒரு ஜமைக்கர் பாட, பாடுபொருளோ சீனருடையது. நம் கோலாலம்பூர்ச் சந்தைகூட இதைவிட அதிகமாகக் கலந்ததன்று.

அதே பிட்டுதான் பின்னர் நம் பக்கம் திரும்பினார். 1980இல் வெளிவந்த 'குர்பானி' என்ற இந்திப் படத்துக்காக லண்டனில் ஒரே ஒரு பாட்டை அமைத்துக் கொடுத்தார். பாடியவர் நாசியா ஹசன், பாகிஸ்தான் வழிவந்த பள்ளி மாணவி; அப்போது அவருக்கு வயது 15. மறு ஆண்டு அவர்கள் 'டிஸ்கோ தீவானே' என்ற தொகுப்பை வெளியிட்டனர். திரைப்படம் இல்லாமலே பாட்டு விற்கும் என்பதை அத்தொகுப்பு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காட்டியது. நாசியா 2000ஆம் ஆண்டில், 35 வயதிலேயே, நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 1982இல் பப்பி லஹரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' வந்தது. சோவியத் நாட்டில்கூட அப்படம் பெரும் கூட்டத்தைக் கூட்டியது. தமிழில் அது 1985இல் ஆனந்த்பாபு நடிக்க, 'பாடும் வானம்பாடி' ஆயிற்று.

ஆனால், தமிழ்த் திரையிசை அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 1978இல் இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' வெளிவந்தது. சிங்கப்பூரில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட கதை. தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் திரைப்பாடல்கள் இதனுடையவை என்று கூறுவர். இரண்டு ஒலிபெருக்கியில் இரண்டு விதமாக ஒலி பிரிந்து வருவது அன்று புதுமை. மறு ஆண்டு, 1979இல், கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. அதுவும் சிங்கப்பூர் சென்று எடுத்த படம். பாட்டுக் குழு ஒன்றின் கதை. இசை எம்.எஸ். விஸ்வநாதன். அப்போது அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. மெல்லிசையில் அத்தனை காலம் ஊறியவர், இளைஞர்கள் ஆடும் தாளத்துக்குத் தம்மை மாற்றிக்கொண்டு எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தைப் பாட வைத்தார். வயது ஏறினால் புதியதைப் பழிப்பதே வழக்கம் என்பதற்கு அவர் விலக்கு. நமக்கு நாற்பதிலேயே அந்தப் பழிப்பு வந்துவிட்டது!

இளையராஜாவின் வேலையில் ஒரு நுட்பம் உண்டு. மொரோடர் ஆள்களைக் குறைத்துப் பொறியைக் கூட்டினார். சென்னையிலோ, பெரிய பதிவுக்கூடத்தில் வயலின்காரர் முதல் முரசுக்காரர் வரை எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, எழுதிக்கொடுத்த சுரக்குறிப்பைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். ஆகவே அந்நாளைய தமிழ் டிஸ்கோ பொறியின் தாளத்தைக் கையால் வாசித்த டிஸ்கோ. நான்கு தட்டும் சீராக விழும். ஆயினும் இடையில் தபேலா ஒன்று நுழைந்து சேட்டை செய்யும். அடியில் பேஸ் கிட்டார் தனியே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். 1982இல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்துப் புத்தாண்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 நள்ளிரவில் அஃது ஒலிக்காத தமிழர் பகுதி அரிது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினிவழி இசைக்கோவையும் சென்னைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டு மேடையில் இந்த அலை வேறு விதமாக அடித்தது. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்களின் 'அல்லிகேட்ஸ்' குழு, ஹாங்காங்கில் வாசித்துத் தேர்ந்து திரும்பி, 1970களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாடல்களால் நாடு முழுதும் பெயர் பெற்றது. சுருண்டு உயர்ந்த அவர்களுடைய முடி அலங்காரத்தை மறந்தவர் உண்டோ? லோகநாதன் 2007இல் மறைந்தார்.

நாம் பிறந்து வளர்ந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டம். 1980களில் எங்கள் லயத்தில் ஒலிநாடாப் பெட்டி வைத்திருந்த வீடுகள் சில. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, பெரியண்ணன்மார் பேருந்து ஏறிக் கிள்ளானுக்குப் போவார்கள். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தால், வெற்று நாடாவில் பதிந்து அடுத்த வாரம் தருவார். ஒரு பக்கம் தெய்வப் பாடல், மறுபக்கம் டிஸ்கோ என்று கலந்து வாங்கி வந்த வீடும் உண்டு. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். அந்த நாடாக்களில் படத்தின் பெயர் இருக்கும், நடிகர் பெயர் இருக்கும், அரிதாகப் பாடகர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயரோ, பதிந்தவர் பெயரோ ஒருபோதும் இருந்ததில்லை. அப்படிப் பதிந்து விற்பது பிறர் உழைப்பை எடுப்பதாகும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் புதிதாக இயற்றப்பட்ட பிறகும் தோட்டத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர நெடுநாள் ஆயிற்று.

அமெரிக்காவில் டிஸ்கோவுக்கு 1979இல் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலை 12ஆம் நாள், சிக்காகோ நகரத்துப் பேஸ்பால் திடலில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாட்டில், இரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் திடலுக்குள் பாய்ந்து அட்டகாசம் செய்தது. அன்றைய இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. இசை பிடிக்கவில்லை என்பது வெளிக்காரணம். அதை ஆடியவர்கள் யார், பாடியவர்கள் யார் என்பதில் இருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பின்னர் பலர் எழுதினர். கறுப்பர் தட்டு, ஒதுக்கப்பட்டோர் ஆட்டம் என்ற இகழ்ச்சி.

இதைப் படித்த அன்று நமக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. நம் சமூகத்திலும் தோல் கட்டிய வாத்தியத்துக்குச் சாதி கற்பித்தோம் அல்லவா? பறையும் தப்பும் உறுமியும் இல்லாமல் திருவிழா நடவாது, சாவு எடுக்க முடியாது. ஆனாலும் அடிப்பவரைத் திண்ணையில் அமர்த்த மாட்டோம். பட்டயம் பெற்ற ஆசிரியராகிய நாமும் அதே நாக்கால்தான் "கொட்டடிக்கப் போகிறாயா" என்று கேட்டோம். பையனிடம் வகுப்பறையிலேயே வருத்தம் தெரிவித்தோம். அவன் தந்தையாரைப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும் நமக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. அவர், "பிள்ளையைக் கண்டிக்கலாம் சார். உறுமியைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, தேநீர் கொடுத்தார்.

சிக்காகோவில் தட்டுகளை உடைத்ததால் தாளம் ஒழிந்துவிடவில்லை. அதே நகரத்தில் ஃபிராங்கி நக்கல்ஸ் என்பவர் பழைய டிஸ்கோ தட்டுகளோடு தாளப்பொறியையும் சேர்த்து வாசித்ததிலிருந்து 'ஹவுஸ்' என்ற இசை வளர்ந்தது. நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ற இரு தயாரிப்பாளர்களின் 1979ஆம் ஆண்டு டிஸ்கோ பாட்டின் அடிநாதத்தை எடுத்துக்கொண்டு, அவ்வாண்டிலேயே இளைஞர் மூவர் அதன்மேல் வேகவேகமாகப் பேசிப் பாடினர். 'ராப்' முதன்முதலாக உலகறிய வந்தது அப்படித்தான். மூலப்பாட்டின் சொந்தக்காரர்கள் முறையிட்டு, தங்கள் பெயரையும் அதில் இடம்பெறச் செய்தார்கள்.

மருத்துவத்திலும் இத்தாளம் நுழைந்திருக்கிறது. நெஞ்சு நின்றுபோனவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது முதலுதவி விதி. 1977இல் பீ ஜீஸ் சகோதரர்கள் பாடிய ஒரு டிஸ்கோ பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 103 தட்டு அளவில் இருப்பதால், அதை மனத்துக்குள் பாடிக்கொண்டே அழுத்தும்படி பல நாடுகளில் கற்பிக்கிறார்கள். அப்பாட்டின் முரசு ஒரு சிறு நாடாத்துண்டை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டது. முரசுக்காரர் வீட்டில் நோய் என்று ஊருக்குப் போய்விட்டபடியால் அவ்வாறு செய்ய நேர்ந்தது. செம்பனைக் காட்டில் மருத்துவ வண்டி வந்து சேர நேரம் ஆகும் இடங்களில் இருப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

அந்த ராப் இசை நம் பள்ளத்தாக்கிலும் வேர்விட்டது. கோலாலம்பூரைச் சேர்ந்த யோகி பி, 'பொயட்டிக் அம்மோ' குழுவில் இருந்து, பின்னர் 'நட்சத்திரா' குழுவினரோடு 2006இல் 'வல்லவன்' என்ற தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். அதில் 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படத்தில் இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தமது சொற்களை அடுக்கினார். அதுவரை சென்னையிலிருந்து பாட்டு வரும், நாம் கேட்போம். இம்முறை இங்கிருந்து சென்றது. தமிழ்நாட்டு இளைஞர்கள் கேட்டார்கள். மறு ஆண்டு, 2007இல், 'பொல்லாதவன்' படத்தில் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாட்டுக்குப் புதுவடிவம் கொடுத்தபோது, பாலசுப்பிரமணியத்தின் குரலோடு யோகி பி குரலும் சேர்ந்து ஒலித்தது.

இரண்டு பாட்டுகளும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. வீட்டில் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, 1979ஆம் ஆண்டுப் பாட்டை முதலிலும் 2007ஆம் ஆண்டுப் பாட்டை அடுத்தும் கேட்டுப் பாருங்கள். முந்தியதில் முரசை ஒருவர் கையாலும் காலாலும் அடிக்கிறார். சிறிது கூர்ந்து கேட்டால் தட்டுக்குத் தட்டு பலம் கூடிக் குறைவது தெரியும். பிந்தியதில் தட்டு பொறியின் தட்டு. நம் மாணவன் இவ்வேறுபாட்டை முதல் முறையிலேயே கண்டுபிடித்துவிட்டான். நமக்கு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.